எடை குறைப்பு ஆதரவுக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்க நினைக்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும், சேர்ந்து சில மாதங்கள் ஆனவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. இரண்டாவது வகைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சேருவது எளிது. எடை ஏறிய வாரத்திலும் வந்து உட்காருவதுதான் கஷ்டம். குழுவால் கிடைக்கிற பலனில் பெரும்பகுதி அந்த வாரத்தில்தான் கிடைக்கிறது.

இந்தக் குழுக்களில் அப்படி என்னதான் நடக்கும்?

முதலில் எடை பார்ப்போம். அப்புறம் வட்டமாக உட்கார்ந்து, போன வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் வரும் வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போவோம். “ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடிக்கிறேன்”, “மூணாவது மாடிக்குப் படியில்தான் ஏறுவேன்” என்கிற மாதிரி. அவ்வளவுதான்.

இது புதிய விஷயம் இல்லை. 1948இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி ‘டாப்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1961இல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி ஒரு மருத்துவ நிலையத்தில் டயட் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் ஒளித்துவைத்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தோழிகள் சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1963இல் அதுவே ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனம் ஆனது. பின்னால் அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது வேறு விஷயம். வைத்தியரிடம் சொல்ல முடியாததைத் தன்னைப் போன்றவர்களிடம் சொல்ல முடிந்தது என்பதுதான் அதன் ஆரம்பம். இன்றும் குழுக்கள் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

தனியாகவே குறைக்க முடியாதா? குழுவால் நிஜமாகவே பலன் உண்டா?

தனியாகக் குறைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு அது ஒத்துவந்தால் நல்லதுதான். ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் குழுவின் பக்கமே பேசுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு. எடை குறைப்புப் பயிற்சிக்குச் சிலரைத் தனியாகச் சேர்த்தார்கள். சிலரை மூன்று நண்பர்களோ உறவினர்களோ கூட வரச் சேர்த்து, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை இருந்தார்கள். கூட்டாக வந்து துணைப் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம். அடுத்த ஆறு மாதத்தில், குறைத்த எடையைத் திரும்ப ஏறவிடாமல் முழுதாகக் காப்பாற்றியவர்கள் முதல் வகையில் 24 சதவீதம், இரண்டாவது வகையில் 66 சதவீதம்.

2001இல் வந்த இன்னொரு ஆய்வில், உங்களுக்குத் தனி ஆலோசனை பிடிக்குமா, குழு பிடிக்குமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டார்கள். 26 வாரத்துக்குப் பிறகு குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 11 கிலோ, தனி ஆலோசனை பெற்றவர்கள் சுமார் 9 கிலோ குறைந்திருந்தார்கள். தனி ஆலோசனைதான் வேண்டும் என்று சொன்னவர்கள்கூட, குழுவில் போடப்பட்டபோது நன்றாகவே குறைத்தார்கள். “நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை” என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். பிடிக்குமா என்பதும் பலன் தருமா என்பதும் வேறு வேறு. நாலு வாரம் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் எடையை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். மெஷினை ஒரு மூலையில், சுவரைப் பார்த்து வைப்பது நல்ல வழக்கம். எழுதிக்கொள்கிறவர் ஒருவர், ஏறுகிறவர் ஒருவர். மூன்றாவது ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது. எண்ணைச் சத்தமாகப் படிக்கவும் கூடாது. சொல்ல விரும்பினால் “அரைக் கிலோ இறங்கியிருக்கிறது” என்று மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். எடையே பார்க்காத குழுக்களும் உண்டு. 1960இல் தொடங்கிய ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ குழுக்களில் மெஷினே கிடையாது. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. அடுத்த வாரம் 300 கிராம்தான். என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் இல்லை. நம் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு முதலில் கரையும், தண்ணீரும் கூடவே போகும். முதல் வார வேகம் பெரும்பாலும் அதனால் வருவது. அதற்கப்புறம் வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைந்தாலே நல்ல வேகம். 300 கிராமும் இறக்கம்தான்.

இந்த வாரம் எடை ஏறிவிட்டது. வர வெட்கமாக இருக்கிறது. அடுத்த வாரம் குறைத்துவிட்டு வரட்டுமா?

இந்த வாரமே வாருங்கள். வேறு எந்த வாரம் வராவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் குழுவில் ஓர் அம்மா மெஷினில் ஏறுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அப்புறம் வளையல். அப்புறம் காதுத் தோட்டில் கை வைத்தார். ஏறியபோது போன வாரத்தைவிட 800 கிராம் கூடுதல். இறங்கி, கழற்றியதையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு “நான் கிளம்புறேன்” என்றார். வாசலருகே உட்கார்ந்திருந்த பெண் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கவில்லை. “இந்த வாரம் தூங்குனீங்களா அக்கா?” என்று கேட்டாள். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமியாருக்கு ஆஸ்பத்திரி. நாலு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழிந்திருக்கிறது. கேன்டீனில் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் சாப்பிட்டிருக்கிறார்.

தூக்கம் கெட்டால் பசி கூடும். உப்பு அதிகமான சாப்பாடு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். அந்த 800 கிராமில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருந்திருக்கலாம். அதைச் சொன்னோம். அப்புறம் அந்தக் கூட்டம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசினோம்: ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவர் எப்படிச் சாப்பிடுவது, யாரிடம் ஒரு ராத்திரி மாற்றிக்கொள்ளச் சொல்வது, பையில் எதை எடுத்துப் போவது. அடுத்த வாரம் அவருக்கு 200 கிராம்தான் இறங்கியது. அதற்காக அன்று கைதட்டியது போல எங்கள் குழுவில் அதிகம் கைதட்டியதில்லை.

எடை ஏறிய வாரம் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். குறைத்துவிட்டு வரலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். குறையாது. இரண்டாவது வாரம் இன்னும் வெட்கமாக இருக்கும். மூன்றாவது வாரம் போனை எடுக்கமாட்டார்கள். குழுக்களை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் வராதவருக்கு அன்று மாலையே ஒருவர் போன் செய்வது என்று வைத்திருக்கிறோம். “ஏன் வரலை?” என்பது விசாரணை. “நீங்க இல்லாம அந்த நாற்காலி காலியா இருந்துச்சு, அடுத்த வாரம் பார்ப்போமா?” என்றால் அவருக்குப் பொய்க் காரணம் சொல்லும் அவசியமே வராது.

மாதக்கணக்கில் எடை அசையவே இல்லை. குழுவும் சலித்துவிட்டது.

இது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். எடை குறைந்த உடம்புக்குக் குறைந்த சக்தியே போதும். 95 கிலோவாக இருந்தபோது உங்களைக் குறைக்க வைத்த அதே சாப்பாடு, 85 கிலோவில் உங்களை அப்படியே நிறுத்தி வைக்கும். இத்தோடு இன்னொன்றும் சேரும்: ஆரம்பத்தில் அளந்து சாப்பிட்டவர்கள் போகப்போகக் கண்ணளவில் எடுத்துப்போட ஆரம்பிப்பார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை.

இந்த நேரத்தில் குழு செய்யக்கூடிய நல்ல காரியம், வேறு அளவுகோல்களைப் பார்ப்பது. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், படியேறும்போது வாங்கும் மூச்சு. ஏறாமல் நிற்பதும் ஒரு சாதனைதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எடை குறைத்தவர்களுக்கு அதைத் தக்கவைப்பதுதான் குறைப்பதைவிடக் கடினம்.

கூடவே சேர்ந்தவர் மளமளவென்று குறைகிறார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இது தப்பா?

மனிதர்களுக்கு வருவதுதான். ஆனால் அந்த ஒப்பீடு நியாயமில்லாதது. அதிக எடையோடு தொடங்குபவர் ஆரம்பத்தில் அதிகக் கிலோ இறங்குவார். ஆண்களுக்குத் தசை அதிகம், அதனால் பல நேரம் வேகமாகக் குறைவார்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி போன்றவை வேகத்தைக் குறைக்கும். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையை ஏற்றவே செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிலோவில் சொல்லாமல், தொடங்கிய எடையில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் குழுவில் இந்த எரிச்சல் பாதி குறையும்.

மற்றவருக்கு ஊக்கம் கொடுக்க என்ன சொல்ல வேண்டும்? தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம்.

உருவத்தைப் பற்றிப் பேசாமல், செய்ததைப் பற்றிப் பேசுங்கள். “நல்லா இளைச்சுட்டீங்களே!” என்பது பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர் நோயால் இளைத்திருக்கலாம், துக்கத்தில் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த மாதம் இரண்டு கிலோ ஏறினால் இதே ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தை அந்தப் பாராட்டே விதைத்துவிடும். “மழையிலும் நடக்கப் போனீங்கன்னு கேள்விப்பட்டேன்”, “அந்த விருந்தில் ரெண்டாவது தடவை வேண்டாம்னு எப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலரும். பதில் கேட்கிற மற்றவர்களுக்கும் அதில் ஒரு வழி கிடைக்கும்.

அறிவுரை சொல்லத் தோன்றினால் முதலில் “யோசனை சொல்லட்டுமா, இல்லை கேட்டுக்கிட்டா போதுமா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் கேட்டால் போதும் என்றுதான் சொல்வார்கள்.

கிண்டல், குத்தல், ‘அக்கறையில் திட்டுகிறேன்’ என்கிற பேச்சு எதுவும் வேண்டாம். உடம்பைச் சொல்லிக் கேவலப்படுத்தினால் எடை குறையாது. அந்த மனிதர் மறைந்து சாப்பிடுவார், டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். பிறந்ததிலிருந்து இப்படிப் பேச்சு கேட்டே வளர்ந்தவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அது இல்லாத இடம் அவர்களுக்கு இருக்கட்டும்.

சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைப்பது அவசியமா?

முடிந்தால் எழுதுங்கள். 2008இல் அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அவர்களும் வாராவாரம் குழுவாகக் கூடியவர்கள்தான். அழகான நோட்டு வேண்டாம், கலோரிக் கணக்கும் வேண்டாம். காகிதத் துண்டில் கிறுக்கினால் போதும். ஆனால் அதைக் குழுவில் யாரும் வாங்கித் திருத்தக் கூடாது. திருத்துவார்கள் என்று தெரிந்தால் நோட்டில் பொய் ஏறிவிடும். எழுத எழுதச் சாப்பாட்டைப் பற்றிய பயம் கூடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் ஆதரவே இல்லை. கேலி செய்கிறார்கள், தட்டில் வற்புறுத்திப் போடுகிறார்கள்.

வீட்டில் எல்லோரையும் மாற்ற முயலாதீர்கள், களைத்துவிடுவீர்கள். ஒருவரைப் பிடியுங்கள். அவரிடமும் “எனக்கு ஆதரவா இருங்க” என்று பொதுவாகக் கேட்காமல், செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: “சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கோங்க, நான் நடந்துட்டு வரேன்.” வற்புறுத்துகிறவர்களிடம் டயட் பற்றி விளக்கம் சொன்னால் விவாதம்தான் வளரும். “வயிறு நிறைஞ்சுடுச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றால் முடிந்தது. அன்போடு போடுகிறவருக்கு அந்த இரண்டாவது பாதி முக்கியம்.

எவ்வளவு குறைத்தால் வெற்றி என்று சொல்லலாம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. அதில் வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு வைத்த இலக்கு இரண்டுதான்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற பயிற்சி. எல்லோரும் இலக்கை எட்டவில்லை. அப்படியும் அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்த பிரிவில் 31 சதவீதம். அந்த ஆய்வில் தனித்தனியாகத்தான் பயிற்சி கொடுத்தார்கள். அதே பாடங்களைக் குழுவாக நடத்தும் முறை பின்னால் வந்து பரவியது.

90 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் சுமார் ஆறே கால் கிலோ. கல்யாணத்தின்போது இருந்த எடைக்குப் போக வேண்டும் என்று வருகிறவர்களிடம் முதலில் இந்த ஆறே கால் கிலோவைத்தான் வைக்கிறேன்.

எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் குழுவில் இருக்கலாமா? அது குறுக்கு வழிதானே?

தாராளமாக இருக்கலாம். குறுக்கு வழி என்ற பேச்சை விட்டுவிடுவோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவரை நாம் அப்படிச் சொல்வதில்லை. செமாகுளூடைட் ஊசியை ஆராய்ந்த பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அவர்களுக்கும் சாப்பாடு, பயிற்சி பற்றிய ஆலோசனை கூடவே கொடுத்தார்கள். ஊசியை நிறுத்தி ஒரு வருடம் ஆனபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. வேகமாக இளைக்கும்போது தசையும் சேர்ந்து குறையும் என்பதால் புரதமும் வலுவூட்டும் பயிற்சியும் அவர்களுக்கு இன்னும் முக்கியம். ஆக, ஊசி போடுகிறவருக்கும் குழு தேவைதான். ஆனால் யாருக்கு ஊசி சரி, எந்த அளவு என்பதெல்லாம் டாக்டரின் வேலை. குழுவில் ஒருவர் தன் ஊசியை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்யக் கூடாது.

எந்த மாதிரிக் குழுவிலிருந்து விலகி நிற்க வேண்டும்?

பவுடரோ மாத்திரையோ விற்கிற குழு. ‘ஒரு மாதத்தில் 15 கிலோ’ என்று வாக்குக் கொடுக்கிற குழு. எடை ஏறினால் அபராதம் வாங்குகிற, எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கிற குழு. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிற குழு. இதைக் கேட்ட அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுகிறவர்கள், நாள்கணக்கில் பட்டினி கிடக்கிறவர்கள், நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தன்னையே வெறுக்கிறவர்கள், இவர்களுக்கு முதல் துணை மனநல மருத்துவர். எடை குறைப்புக் குழு அப்புறம்தான். குழுவில் யாராவது இப்படி இருப்பதாகத் தோன்றினால், கூட்டத்தில் பேசாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

வாட்ஸ்அப் குழு மட்டும் போதாதா?

இல்லாததற்கு அது நல்லது. நடுவாரத்தில் கை கொடுக்கும். ஆனால் நூறு பேர் இருக்கும் குழுவில் நீங்கள் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. பத்துப் பேருக்குள் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை வீடியோவிலாவது முகம் பாருங்கள்.

இலக்கை அடைந்துவிட்டேன். இனியும் வர வேண்டுமா?

வாருங்கள், மாதம் ஒருமுறையாவது. அமெரிக்காவில் 1994இலிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காப்பாற்றியவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். குறைத்த பிறகும் அவர்கள் எதையும் விட்டுவிடவில்லை. எடை இரண்டு கிலோ ஏறியபோதே கவனித்தால் இறக்குவது சுலபம். பத்து கிலோ ஏறிய பிறகு வருவது முதலிலிருந்து தொடங்குவது போலத்தான். புதிதாக வந்தவருக்கு உங்களைப் பார்ப்பதில் கிடைக்கிற தெம்பும் வேறு யாராலும் கொடுக்க முடியாதது.

எங்கள் பக்கம் குழுவே இல்லை. நாமே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள். மூன்று பேர் இருந்தால் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்காது. கிழமையும் நேரமும் மாறவே கூடாது. இருவர்தான் வந்தாலும் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள். மெஷினுக்கு மெஷின் ஒரு கிலோ வரைகூட வித்தியாசம் வரும். இங்கே பேசியது வெளியே போகாது என்பதை முதல் நாளே ஒவ்வொருவரும் வாயால் சொல்லட்டும். நடத்துகிறவரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒருவர் தலையிலேயே விழுந்தால் அவர் ஓய்ந்ததும் குழுவும் ஓய்ந்துவிடும். முதல் கூட்டத்தில் எடை பார்க்கக்கூட வேண்டாம். இதற்கு முன் எடை குறைக்க முயன்றபோது எந்த இடத்தில் விட்டீர்கள் என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேளுங்கள். அந்தப் பதில்களை எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த சில மாதங்களுக்கு எதைப் பற்றிப் பேசுவது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டியிருக்காது.